இருபது மீற்றர்க் கம்பி

(மன்ற இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அமெச்சூர் வானொலியைப்பற்றிப் பேசவேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அப்பொருள் பெரிது. செலுத்தி, வாங்கி, மோர்ஸ் குறியீடு, செய்மதி என்று எடுத்துக்கொண்டால் இரவு உணவுக்கும் நாம் வீடு சேரமாட்டோம். ஆதலால் இன்று வீட்டுக்கு வெளியே தொங்கும் ஒரு கம்பியைப்பற்றி மாத்திரம் பேச எண்ணுகின்றோம். செலுத்தியையும் வாங்கியையும் பணமிருந்தாற் கடையிற் பெறலாம். கம்பியை அவரவரே அளந்து, வெட்டி, ஏற்றிக் கட்டவேண்டும். விலைமிகுந்த பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கம்பியைக் கவனியாது விட்டவனுடைய குரல் தெகிவளைப் பாலத்தைத் தாண்டாது. சிறிய பெட்டியும் நல்ல கம்பியும் உடையவனுடைய குரலோ கடல் கடந்து செல்லும்.

அமெச்சூர் என்பவர் யார்? ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றினாலே வானலையிற் பேசக் கற்றவர். இலங்கையில் அவர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் பரீட்சையிற் சித்தியெய்தி உரிமம் பெறவேண்டும். அவருக்கென ஓர் அழைப்புக் குறி வழங்கப்படும். 4எஸ்7 என்று ஒரு குரல் தொடங்கினால், உலகின் எம்மூலையிற் கேட்பவனும் அது இலங்கையிலிருந்து வருவதென அறிவான். அவர் வியாபாரம் பேசலாகாது, பாட்டு ஒலிபரப்பலாகாது. பேசுவதற்கே உரிமம் வேண்டும் என்பதை இளைஞர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

பெரியோர்களுக்கு இக்கம்பி புதிதன்று. இலங்கை வானொலி, ரேடியோ சிலோன் என்று பெயர் பூண்ட 1949ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வானொலிப் பெட்டி வைத்திருந்த ஊர்வீடுகளின் முற்றத்தில் இரண்டு மூங்கில்கள் நிற்கும். அவற்றினிடையே செப்புக் கம்பி ஒன்று ஓடும். காகம் இருக்கும், துணி காயப்போட்டால் வீட்டுக்காரர் சத்தமிடுவார். அக்கம்பி கேட்பதற்கு உதவியது. நாம் சொல்லவந்த கம்பி பேசவும் உதவுவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: கேட்கும் கம்பி எந்த நீளத்திலும் இருக்கலாம், பேசும் கம்பிக்கு அளவு உண்டு.

கொழும்புக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர், சிறைப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைப் பிரித்து, அவற்றைக்கொண்டு செலுத்தி ஒன்றை அமைத்தார். 1920களின் தொடக்கத்தில் மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் காற்றில் ஏறின. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. ஆசியாவிலேயே மிக முந்தியவற்றுள் ஒன்றான நம் வானொலி, ஆர்வலர் கூட்டமொன்றின் கைவேலையிற் பிறந்தது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்த முதற் குறியைக் கேட்க மார்க்கோனி 1901இல் நியூபவுண்ட்லாந்துக்குச் சென்றார். இங்கிலாந்திற் கட்டிய பெரிய கம்பங்களைப் புயல் சாய்த்திருந்தது. நியூபவுண்ட்லாந்திலோ கம்பி ஏந்திய பலூனைக் காற்று அறுத்துக்கொண்டு போயிற்று. டிசெம்பர் 12ஆந் திகதி அவர் ஒரு பட்டத்தை ஏற்றினார். ஏறத்தாழ 150 மீற்றர்க் கம்பியை அப்பட்டம் தூக்கி நின்றது. மூன்று புள்ளிகள் காதில் விழுந்தன என்று அவர் குறித்தார். உண்மையில் அவர் கேட்டாரா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். அவ்வழக்கு நமக்கு வேண்டாம். வல்வெட்டித்துறையில் விண் கட்டிப் பட்டம் ஏற்றிய கைகளும், காலிமுகத்திடலிற் பட்டம் விடும் கைகளும் நம்மவரிடம் உள்ளன. கொண்டுசெல்லத்தக்க நிலையம் ஒன்றின் முதற் கம்பம் ஒரு பட்டம் என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி.

இனி அளவைப் பார்ப்போம். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்தார். நரம்பைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். கம்பியும் அவ்வாறே. ஒரு மீடிறனுக்கு ஒரு நீளம். மீடிறன் இரட்டித்தால் நீளம் பாதி. வானலை விநாடிக்கு 30 கோடி மீற்றர் ஓடுகின்றது. 7.1 மெகாஹேட்ஸில், அதாவது விநாடிக்கு 71 இலட்சம் முறை அதிர்வதில், ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீற்றர். அதிற் பாதி 21. கம்பியின் முனைகளில் நிகழும் ஒரு விளைவினால் நூற்றுக்கு ஐந்து வீதம் குறைத்துக்கொள்ளவேண்டும். மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வாய்பாடு இது: 143ஐ மெகாஹேட்ஸ் எண்ணால் வகுத்தால் அரையலைக் கம்பியின் நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு 20 மீற்றர். பழைய கணக்கில் 66 அடி. 14.2க்கு 10 மீற்றர்.

அதை நடுவில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இடையே ஒரு காவலியை வைத்து, வெட்டிய இரு முனைகளிலும் கேபிளின் உட்கம்பியையும் வெளிப்பின்னலையும் பற்றாசு வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. காவலிக்குப் பீங்கான் தேடி அலையவேண்டாம்; தடித்த பிளாஸ்ரிக் துண்டு போதும். ஆனால் முதலிலேயே கணக்குப்படி வெட்டிவிடாதீர்கள். வெட்டிய கம்பி வளராது. ஒவ்வொரு பாதியிலும் ஓரடி கூட்டி வைத்து, முனையை மடித்து மடித்துக் குறைத்து, நிலையலை மானியைப் பார்த்துச் சரிசெய்யவேண்டும். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு கம்பியால் ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது என்பதை அம்மானி காட்டும். தாழக் கட்டினாலும், தகரக் கூரைக்கு அருகிற் கட்டினாலும் அளவு மாறும். ஆகவே கட்டப்போகும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

இரண்டு உயர்ந்த முனைகள் கிடைக்காவிட்டால் நடுப்பகுதியை ஒரே கம்பத்தில் ஏற்றி, இரு பாதிகளையும் கூரைமுகடு போலச் சரித்து, வேலித் தூண்களுக்குக் கட்டலாம். இதில் ஒரு நன்மையும் உண்டு. வெளியில் நேராகத் தொங்கும் கம்பி நடுவில் ஏறத்தாழ 73 ஓம் தடை காட்டும். முகடுபோற் சரித்தால் அது 50ஐ நெருங்கும். நாம் வாங்கும் கேபிளும் 50 ஓம் கேபிள்தான். கேபிளை மேலே சில சுற்றுச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். நமது குரல் கேபிளின் வெளிப்புறம் வழியாக இறங்கி அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியிற் புகுவதை அது பெரும்பாலும் தடுக்கும். தொடர்மாடியில் வாழ்பவனுக்கு அயலவரின் நட்பும் அன்ரெனாவின் ஒரு பகுதியே.

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எவ்வளவு உயரத்திற் கட்டுவது? இளைஞர்களிடம் கேட்டால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பார்கள். லண்டனோடும் மெல்பேணோடும் பேச விரும்புபவனுக்கு அது சரி. உயரத்திற் கட்டிய கம்பி, அலையை அடிவானத்தை நோக்கித் தாழ அனுப்பும். அது வெகுதூரம் சென்று, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயன மண்டலத்திற் பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இறங்கும். இடையிலுள்ள ஊர்களின்மேல் அது விழாது. தரையோடு ஊர்ந்து செல்லும் அலையோ சில பத்துக் கிலோமீற்றரில் மங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மௌன வலயம். கொழும்பில் 14 மெகாஹேட்ஸில் உயர்ந்த கம்பத்தோடு இருப்பவர் தினமும் லண்டனோடு பேசுவார். யாழ்ப்பாணத்தவருக்கு அவர் குரல் பெரும்பாலும் கேளாது. யாழ்ப்பாணம் அந்த மௌன வலயத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்தோடு பேசவேண்டுமாயின் கம்பியைத் தாழ்த்துங்கள். 7 மெகாஹேட்ஸ் கம்பியைப் பதினைந்து, இருபது, முப்பது அடி உயரத்திற் கட்டினால் அலையின் பெரும்பகுதி நேர்மேலே ஏறும். அயன மண்டலத்திற் பட்டுக் குடைபோல் விரிந்து திரும்பி இறங்கும். அக்குடையின் கீழ் இலங்கை முழுவதும் அடங்கும். கொழும்பிலிருந்து நேர்கோட்டில் அம்பாந்தோட்டை ஏறத்தாழ 165 கிலோமீற்றர், மட்டக்களப்பு 220, யாழ்ப்பாணம் 300. மத்திய மலைநாடு குறுக்கே நிற்பதுபற்றிக் கவலையில்லை. அலை மலையின்மேலாகப் போவதில்லை. வானத்துக்குப் போய் வருகின்றது. கையடக்கப் பெட்டிகள் பயன்படுத்தும் 145 மெகாஹேட்ஸ் அலைக்கு இது இயலாது. மலையுச்சியில் மறுபரப்பி இருந்தாலன்றி அது கண் பார்க்கும் தூரத்தோடு நின்றுவிடும். காலையிலும் மாலையிலும் 7 மெகாஹேட்ஸ் நன்றாக வேலைசெய்யும்; உச்சிவேளையிற் சற்று மங்கும்; நள்ளிரவுக்குப் பின் கைவிடவுங் கூடும். அதற்கு 3.5 மெகாஹேட்ஸ் உண்டு. ஆனால் அக்கம்பி இரட்டிப்பு நீளம். வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் 40 மீற்றர்க் கம்பி கட்ட இடந்தேடுவதைவிடக் காணி வாங்குவது எளிது.

இரண்டு மாடி வீட்டின் உயரமே நமக்குப் போதும் என்பது எவ்வளவு பெரிய வசதி! உயர்ந்த கோபுரமும் வேண்டாம். நகரசபையின் அனுமதி தேடி நடக்கவும் வேண்டாம். ஒரு தென்னையும் ஒரு சன்னற் கம்பியும் போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? இம்மண்டபத்தில் இருப்போரிற் பெரும்பாலோர் இரண்டு ஊர்க்காரர். வீடு கொழும்பில், வேர் யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்பிலோ, மன்னாரிலோ. 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் வடபகுதியையும் தாக்கிற்று. 1978 நவம்பர் 23ஆந் திகதி சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை கடல் எழுந்து வந்தபொழுது இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று கல்முனைக்கும் முல்லைத்தீவுக்கும் தொலைபேசி எடுத்து எடுத்துக் கைசலித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இருக்கிறார்களா இல்லையா என்ற ஒரு சொல்லுக்காக ஒரு நாள், இரண்டு நாள் காத்திருந்தோம். இறந்தவர்களுக்கு அழுவது ஒரு துயரம்; அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பது வேறொரு துயரம்.

அவ்வேளையில் அமெச்சூர்கள் செய்த பணி பதிவாகியுள்ளது. றேடியோ சொசைற்றி ஒஃப் ஸ்ரீ லங்காவின் அன்றைய தலைவர் விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் அம்பாந்தோட்டைக்குச் சிற்றலை நிலையமொன்றைக் கொண்டுசென்று, கொழும்பில் பிரதமரின் செயற்பாட்டு அறையோடு தொடர்பு ஏற்படுத்தினர். கார்ப் பற்றறியும், ஒரு பெட்டியும், ஒரு கம்பியும் தாம் அவர்களுடைய நிலையம்.

அதே நேரத்தில் வங்கக் கடலுக்கு அப்பால் இன்னொன்று நடந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு பாரதி பிரசாத் என்னும் அம்மையார் அந்தமானிலுள்ள போட் பிளேயருக்குச் சென்றிருந்தார். அத்தீவுகளிலிருந்து உலக அமெச்சூர்களோடு பேசுவதே பயண நோக்கம். சுருங்கச் சொன்னால் அது ஒரு பொழுதுபோக்குப் பயணம். பூமி அதிர்ந்தது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே கம்பி வழியாக, தீவிலுள்ளோரின் செய்திகள் இந்தியப் பெருநிலத்திலிருந்த குடும்பங்களுக்குச் சென்றன. பின்னர் கார் நிக்கோபார் தீவுக்கும் ஒரு நிலையம் எடுத்துச்செல்லப்பட்டது. கம்பி அன்று கட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது முன்னரே கட்டப்பட்டிருந்தது. பேசுவோரும் மூன்று வாரமாகப் பேசிப் பேசிப் பழகியிருந்தனர்.

கைத்தொலைபேசி இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர் ஒருவர் கூட்டத்துக்கு முன்னர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நாள்தோறும் பேசுவதற்குத் தொலைபேசிதான். ஆனால் அதன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்துப் பற்றறி சில மணி நேரம் தாங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் ஒருவருக்கும் கிடையாது. அமெச்சூர் வானொலியும் ஆயிரம் குடும்பங்களின் அழைப்பைச் சுமக்காது. அப்படிச் சொல்பவர் மிகைப்படுத்துகிறார். அது சுமப்பது ஒரு பட்டியலை: இன்ன பாடசாலையில் இத்தனை பேர் தங்கியிருக்கின்றனர், இன்ன மருந்து வேண்டும், இன்ன பாலம் இல்லை. அப்பட்டியல் முதல் நாளே வந்து சேர்வது சிறிய காரியமன்று.

பற்றறியைப்பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தார்க்கு இது நன்கு தெரியும். 1990களிற் பற்றறிகளுக்கே தடை இருந்தபொழுது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கொடுத்துச் செய்தி கேட்ட மக்கள் நாம். கேட்பதற்குச் சிறிது மின் போதும். பேசுவதற்குத்தான் பசி அதிகம். 100 வாற்றுச் செலுத்தி பேசும்பொழுது 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து ஏறத்தாழ 20 அம்பியர் இழுக்கும். அதற்குக் கார்ப் பற்றறி வேண்டும். 5 வாற்றுப் பெட்டி ஒன்றிரண்டு அம்பியரோடு திருப்தியடையும். மோட்டார் சைக்கிளின் பற்றறியிலேயே ஒரு காலைப்பொழுது முழுவதும் ஓடும். இருபதில் ஒரு பங்கு சக்தியாயிற்றே, யார் கேட்பார்கள் என்று அஞ்சவேண்டாம். சக்தி இருபது மடங்கு குறைந்தால், கேட்பவருடைய மானியில் ஊசி ஏறத்தாழ இரண்டு கோடு மாத்திரமே இறங்கும். கம்பி நன்றாயிருந்தால் அது பெரிய இழப்பன்று. தோளில் ஒரு பை, கையில் ஒரு சுருள் கம்பி, சாரம் ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று, நிலையம் புறப்பட்டுவிட்டது.

நம் இடங்களுக்கே உரிய சில சங்கடங்கள் உண்டு. வெள்ளவத்தையில் உப்புக்காற்று. கடற்பக்கத்து வீடுகளிற் செப்பு விரைவிற் பச்சை பூக்கும். கேபிளின் வாயை மூடாது விட்டால் மழைநீர் பின்னல் வழியாக ஊறி உள்ளே இறங்கிவிடும். வெளியிற் பார்த்தால் ஒன்றும் தெரியாது; குரல் மட்டும் நாளுக்கு நாள் மெலியும். இறப்பர் நாடாவை இழுத்து இறுக்கிச் சுற்றுங்கள். கேபிள் சன்னலுக்குள் நுழையுமுன் அதை ஒரு முறை தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். நீர் அத்தொங்கலிற் சொட்டிவிடும். தென்னையிற் கட்டுவோர் இரு முனைகளையும் இறுக்கிக் கட்டலாகாது. தென்னை ஆடும், கம்பி அறும். ஒரு முனையிற் கப்பியை வைத்து, கயிற்றின் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் மரம் ஆட ஆடக் கல் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும்.

ஆனால் அதே கடல் நமக்கு ஒரு செல்வமும் தருகின்றது. மீன்பிடிக்கும் கண்ணாடியிழைத் தடியொன்றில் 5 மீற்றர்க் கம்பியைச் செங்குத்தாகக் கட்டி, அடியிலிருந்து அதே நீளமுள்ள சில கம்பிகளைத் தரையில் விரித்தால் 14 மெகாஹேட்ஸில் தொலைதூரம் பேசலாம். அதைக் கடலோரத்தில் நாட்டினால், உப்புநீர் கண்ணாடிபோல் நின்று அலையைத் தாழ்ந்த கோணத்திலே வெகுதூரம் அனுப்பும். மாடித் தோட்டம் வைத்திருப்போர் காணாத சுகம் இது. கரித்தடி வேண்டாம், அது மின் கடத்தும். வீட்டு முகவரிக்குப் புறம்பான இடத்தில் நிலையம் இயக்குவதற்கு உரிமத்தில் என்ன நிபந்தனை என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். புகையிரதப் பாதைக்கு அருகிற் கம்பியும் பெட்டியுமாக நிற்பவனைப் பொலிசார் விசாரித்தால் அது அவர்கள் பிழையன்று.

கொட்டாஞ்சேனையில் வேறு தொல்லை. ஒழுங்கை குறுகியது, தலைக்குமேல் மின்கம்பிகள் வலைபோல் ஓடுகின்றன. மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ, அறுந்தால் அதன்மேல் விழக்கூடிய இடத்திலோ ஒருபோதும் கம்பி இழுக்காதீர்கள். கல்லைக் கட்டிக் கயிற்றை எறியும் விளையாட்டும் அங்கே வேண்டாம். அத்தகைய வீட்டில் இருப்பவன் மொட்டைமாடியின் எல்லைக்குள்ளேயே கம்பியை மடித்துக் கட்டவேண்டும்; இரு முனைகளையும் சற்றே கீழே தொங்கவிட்டாலும் பேசும். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடி முழங்கும். முதல் முழக்கம் கேட்குமுன்னரே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுவதே முறை.

மன்றத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அமெரிக்க அமெச்சூர்கள் 1933இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியில் வெளிக்குச் சென்று, கம்பி கட்டி, மின்சாரசபையின் துணையின்றி ஒரு நாள் முழுவதும் பேசுவார்கள். விளையாட்டுப் போலத் தோன்றும். உண்மையில் அது ஒத்திகை. நம் மன்றமும் ஆண்டுக்கு இருமுறை, வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஒருமுறையாயினும், பாடசாலை மைதானமொன்றில் இதைச் செய்யலாம். முதலில் நான்கு பேராவது பரீட்சைக்கு அமரவேண்டும். ஊர்ப்பக்கத்திலும் இருவராவது இருக்கவேண்டும். கொழும்பிற் கம்பி கட்டிவிட்டு மறுமுனையில் ஆளில்லாமல் யாரோடு பேசுவது? மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உறவுடைய இளைஞர்கள் இதை அங்குள்ள பிள்ளைகளிடம் எடுத்துச்சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளும் வரவேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. போட் பிளேயர்க் கதையைச் சொல்லிவிட்டோம்.

உரிமம் வரும்வரை கேட்டுப் பழகுங்கள். சிற்றலை வாங்கி ஒன்றும் இருபது மீற்றர்க் கம்பியும் இருந்தால், மாலையில் 7 மெகாஹேட்ஸ் அருகே இந்தியாவின் தென்மாநிலத்தவர் பேசுவதைக் கேட்கலாம். அவர்கள் எப்படி அழைக்கிறார்கள், எவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறார்கள், ஒருவர் பேசும்பொழுது மற்றவர் எப்படிக் காத்திருக்கிறார் என்பதைக் குறித்து வையுங்கள்.

செலவைப்பற்றி ஒரு வார்த்தை. கம்பியையும் கேபிளையும் புறக்கோட்டையில் விசாரித்து வாங்கலாம். வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்யும் சாதாரணப் பல்லிழைச் செப்பு வயரே போதும். கயிற்றை மாத்திரம் மலிவாக வாங்கவேண்டாம். நீல நிறப் பிளாஸ்ரிக் கயிறு வெயிலில் விரைவில் உக்கித் தூளாகிவிடும். நாம் கட்டிப் பயன்படுத்தும் கம்பி ஒன்றைச் சுருட்டி அந்த மேசைமேல் வைத்திருக்கின்றோம். கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்ய விரும்புவோர் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள்.